ஒகேனக்கலில் ஏமாந்தாச்சு, அடுத்த ஞாயிறு எங்கே போகலாம்?

தகடூரான் (ஞாயிறு, இரவு 9.40)

வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். ஆடிப்பெருக்குக் கூட்டம் வடிந்திருக்கும் என்று நம்பி இன்று காலை தருமபுரியிலிருந்து குடும்பத்தோடு ஒகேனக்கல் போனோம். நீர்வரத்து அதிகம், பரிசல் கிடையாது, அருவியில் குளிக்கவும் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். மீன் வறுவலைத் தின்றுவிட்டுத் திரும்பியதுதான் மிச்சம். என் மகளுக்கு ஒன்பது வயது. பென்னாகரம் தாண்டும் வரை பேசவே இல்லை.

அடுத்த வாரம் தங்கச்சியும் மாப்பிள்ளையும் சென்னையிலிருந்து வருகிறார்கள். ஞாயிறு ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஏறி இறங்குகிற மாதிரி ஏதாவது, மேலே போனால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது. அப்பாவுக்கு அறுபத்தாறு, இடது முழங்கால் தகராறு. அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. மாப்பிள்ளை தினமும் பெசன்ட் நகர் கடற்கரையில் நடக்கிற ஆள். போனில் அவர் கேட்ட கேள்வி: "உங்க ஊர்ல கடல் மாதிரி வியூ எதுவும் இருக்கா?" என்ன பதில் சொல்ல என்று தெரியாமல் நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

பரிசல்துறை (ஞாயிறு, இரவு 10.25)

தம்பி, இங்கே ஞாயிறு திங்கள் கணக்கு எடுபடாது, கன அடிக் கணக்குதான். கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜசாகரும் திறந்தால் ஓரிரு நாளில் அந்தத் தண்ணீர் ஒகேனக்கலுக்கு மேலே எல்லையில் இருக்கிற பிலிகுண்டுலுவுக்கு வந்துவிடும். மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் அங்கே இருக்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டிஎம்சி என்று சொன்னதே, அதை அளக்கிற இடமும் அதுதான். காலைச் செய்தியில் 'பிலிகுண்டுலுவில் இத்தனை ஆயிரம் கன அடி' என்று வரும். அதைப் பார்த்துவிட்டு வண்டி எடுக்க வேண்டும்.

ஒரு கன அடி கிட்டத்தட்ட 28 லிட்டர். பத்தாயிரம் கன அடி என்றால் பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி இருபத்துமூன்று, ஒவ்வொரு நொடிக்கும், உங்கள் பரிசலுக்கு அடியில் போகிறது. ஐயாயிரம், ஆறாயிரத்தில் பாறை இடுக்குகளுக்குள் நிம்மதியாகப் போய் வரலாம். எட்டாயிரத்தில் அருவியின் சத்தம் நன்றாக இருக்கும். இருபதாயிரத்தை நெருங்கும் முன்பே தடை உத்தரவு வந்துவிடும்.

தண்ணீர் கூடினால் அருவியும் பெரிசாகும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 2024 ஜூலை கடைசியில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. அன்றைக்குப் பார்க்க அருவியே இல்லை. பாறை எல்லாம் மூழ்கி, ஒரே செம்மண் நிறத்தில் கரையோடு கரையாக ஓடியது. ஐந்தருவி எங்கே இருக்கிறது என்று எனக்கே கை காட்டத் தெரியவில்லை.

தகடூரான் (ஞாயிறு, இரவு 10.50)

நன்றி அண்ணா. இதை நேற்றே படித்திருந்தால் ஐந்நூறு ரூபாய் மிச்சமாகியிருக்கும். "தடை மெயின் துறைக்குத்தான், நான் வேறு வழியில் கூட்டிட்டுப் போறேன்" என்று ரோட்டோரத்தில் ஒருவர் முன்பணம் வாங்கினார். மரத்தடியில் நில்லுங்கள், பத்து நிமிஷம் என்றார். நாற்பது நிமிஷம் நின்றோம். ஆள் வரவில்லை.

பரிசல்துறை (ஞாயிறு, இரவு 10.58)

வந்திருந்தால்தான் பயப்பட வேண்டும். ஐந்நூறோடு போச்சே என்று இருங்கள்.

பழையபேட்டை (திங்கள், காலை 6.15)

கிருஷ்ணகிரிக் கோட்டைக்கு வாருங்கள். நெடுஞ்சாலையில் ஆயிரம் தடவை இந்த மலையைக் கடந்து போயிருப்பீர்கள், ஏறியிருக்க மாட்டீர்கள். சையத் பாஷா மலை. பழையபேட்டையிலிருந்து ஏற்றம். வெட்டிய படி, அப்புறம் உடைந்த படி, அப்புறம் வெறும் பாறை, திரும்ப மதில். நிதானமாக ஏறினால் முக்கால் மணி நேரம், குழந்தையோடு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே தர்கா, சுனைகள், இடிந்த கட்டடங்கள். ஒரு பக்கம் கேஆர்பி என்கிற கிருஷ்ணகிரி அணை பளபளவென்று தெரியும். இன்னொரு பக்கம் சென்னை ரோடு, பெங்களூரு ரோடு, சேலம் ரோடு எல்லாம் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடக்கும்.

1791இல் மேக்ஸ்வெல் என்கிற ஆங்கிலத் தளபதி படையோடு வந்து கீழ்க்கோட்டையைப் பிடித்துவிட்டான். மேல்க்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. மேலிருந்து உருட்டிவிட்ட பாறாங்கற்களுக்கு முன்னால் துப்பாக்கி என்ன செய்யும்? அடுத்த வருஷம் திப்புவோடு போட்ட ஒப்பந்தத்தில் பாராமகால் என்கிற இந்தச் சீமை முழுதும் காகிதத்தில் கைமாறியபோதுதான் இதுவும் அவர்களுக்குக் கிடைத்தது. பாதி வழியில் மூச்சு வாங்க உட்காரும்போது மேலே நிமிர்ந்து பாருங்கள், மேக்ஸ்வெல்லின் கஷ்டம் புரியும்.

ஒன்று மட்டும். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் அந்தப் பாறை தோசைக்கல். மேலே கடை கிடையாது, தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மழை பெய்த மறுநாள் வழுக்கும், வராதீர்கள். முழங்கால் தகராறுக்காரருக்கு இது ஆகாது. அப்பாவைக் கீழே டீக்கடையில் உட்கார வைக்கலாம்.

அரூர்க்காரி (திங்கள், காலை 8.30)

பெரியவரை டீக்கடையில் உட்கார வைப்பதற்கு அவரை எதற்குக் கூட்டிப் போக வேண்டும்? எங்கள் தீர்த்தமலைக்கு வாருங்கள். அரூரிலிருந்து 16 கிலோமீட்டர். படி இருக்கிறது, நடுநடுவே உட்கார இடம் இருக்கிறது, மேலே தீர்த்தகிரீஸ்வரர். ராமர் சிவபூஜைக்கு உட்கார்ந்தபோது காசித் தீர்த்தம் கொண்டுவரப் போன அனுமன் நேரத்துக்கு வரவில்லையாம். ராமர் பாறையில் அம்பு விட்டுத் தண்ணீர் வரவழைத்தார். அது ராம தீர்த்தம். தாமதமாக வந்த அனுமன் கோபத்தில் விட்டெறிந்த தீர்த்தம் விழுந்த இடம் தென்பெண்ணைக் கரையில் அனுமன்தீர்த்தம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

ராம தீர்த்தத்தில் தலையைக் காட்டியவர்களுக்குத் தெரியும். உயரத்தில் பாறையிலிருந்து சிதறி விழுகிற தண்ணீர். ஒகேனக்கல் மாதிரி ஆளை அடிக்காது. கோடையில் நூல் மாதிரி இளைத்துப் போகும், ஆனால் நின்று நான் பார்த்ததில்லை. மேக்ஸ்வெல் வரவில்லை என்பதைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

பழையபேட்டை (திங்கள், காலை 8.52)

அக்கா, தீர்த்தமலைப் படியும் முழங்காலுக்கு லேசு இல்லையே. ஏறுவதை விட இறங்குவதுதான் வலிக்கும். என் அம்மா போன தடவை கடைசி முப்பது படியைப் பக்கவாட்டில்தான் இறங்கினார். கையில் இருந்த பழப்பையைக் குரங்கு வேறு பிடுங்கிக்கொண்டது.

அரூர்க்காரி (திங்கள், காலை 9.05)

குரங்கு உண்மைதான். பையை வெளியே காட்டக் கூடாது.

ரீல்ஸ்ராஜா (திங்கள், மதியம் 1.10)

ப்ரோ, அஞ்செட்டி காட்டுக்குள்ள ஒரு செம ஃபால்ஸ் இருக்கு, யாருக்கும் தெரியாது. ரெண்டு கிலோமீட்டர் ஓடையோட நடக்கணும். லொக்கேஷன் தரவா?

மேலகிரி (திங்கள், மதியம் 1.40)

தர வேண்டாம். யாருக்கும் தெரியாத இடம் யானைக்குத் தெரியும். அஞ்செட்டி, உரிகம் பக்கம் பெரும்பாலும் காவிரி சரணாலயம். வடக்கு 2014இல் அறிவித்தது, தெற்கு 2022இல். அனுமதி இல்லாமல் ரோட்டை விட்டு உள்ளே கால் வைத்தால் வழக்கு. ஐப்பசியிலிருந்து தை, மாசி வரை பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி வழியாகக் கூட்டம் கூட்டமாக வரும், நம் ஆட்கள் ராகி அறுக்கிற சமயம் பார்த்து. அப்போதுதான் இந்தப் பக்கம் கிராமத்துக்காரர்கள் ராத்திரி தூங்காமல் பரண் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். மற்ற மாதங்களில் யானை இல்லை என்று அர்த்தமும் இல்லை. ஓடைப் பள்ளத்தில் நடக்கும்போது தண்ணீர்ச் சத்தத்தில் அதற்கு உங்களைக் கேட்காது, உங்களுக்கும் அதைக் கேட்காது. மூங்கில் புதருக்குப் பின்னால் பதினைந்து அடியில் ஒரு தந்தத்தை நான் பார்த்தது அப்படித்தான். முதலில் அதைக் காய்ந்த மரக்கிளை என்றுதான் நினைத்தேன். கிளை திரும்பியது.

காட்டில் நடக்கத்தான் வேண்டும் என்றால் முறையான வழி இருக்கிறது. 2018 குரங்கணி தீக்குப் பிறகு விதிமுறை கொண்டுவந்தார்கள். 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று நாற்பது தடங்களைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டி கூடவே வருவார். எங்கள் பக்கம் குத்திராயன் மலை அதில் இருக்கிறது. அது தேர்ந்த கால்களுக்கு, ஒன்பது வயதுக்கு அல்ல. தீப்பிடிக்கிற பருவத்தில் எல்லாத் தடங்களையும் மூடிவிடுவார்கள்.

ரீல்ஸ்ராஜா (திங்கள், மதியம் 1.55)

சரிங்க அண்ணா. டெலிட் பண்ணிட்டேன்.

கெலமங்கலம் டீ (திங்கள், மாலை 5.20)

ராயக்கோட்டையை யாரும் சொல்லவில்லையே? தருமபுரியிலிருந்து பாசஞ்சர் ரயில் பிடியுங்கள். பாலக்கோடு, மாரண்டஅள்ளி, அப்புறம் ராயக்கோட்டை. ரயில் வளைந்து வளைந்து ஏறும்போதே பாதிச் சுற்றுலா முடிந்துவிடும். மலைக்கோட்டை தொல்லியல் துறையிடம் இருக்கிறது. ஏற்றம் கிருஷ்ணகிரி அளவுக்குச் செங்குத்து இல்லை என்பது என் கட்சி. பழையபேட்டை சண்டைக்கு வருவார்.

மகளுக்குச் சரித்திரம் பிடிக்குமா? பிடித்தால் சூளகிரி வட்டாரத்தில் மல்லசந்திரம் போங்கள். சின்னப் பாறைக்குன்று, கொஞ்சம்தான் ஏற்றம். மேலே நூற்றுக்கணக்கில் கல்திட்டைகள். நான்கு பக்கம் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், முன்பக்கம் வட்டமாக ஓட்டை. பாண்டவர் வீடு என்பார்கள். உண்மையில் ஈமச்சின்னம். குழந்தைகள் ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பார்கள், உள்ளே இறங்க விடாதீர்கள், பாம்பு இருக்கும். பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்களே, அந்த வட்டாரம் முழுக்க இந்த மாதிரி பாறைதான்.

உப்புக்காற்று (திங்கள், மாலை 6.00)

எல்லோரும் மலையையே சொல்கிறீர்கள். மாப்பிள்ளை கேட்டது கடல். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்கு ஒரே ரோடு. ஒரு நாளில் போய் வரலாமா?

பழையபேட்டை (திங்கள், மாலை 6.12)

போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். சென்னைக்காரரைப் புதுச்சேரிக்குக் கூட்டிப் போய்க் கடல் காட்டுவது திருநெல்வேலிக்காரருக்கு அல்வா வாங்கிக் கொடுக்கிற கதை. நம் தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, கெலவரப்பள்ளி, கேஆர்பி, சாத்தனூர் என்று மூன்று அணை தாண்டிக் கடலூரில் கடலைப் பார்க்கிறது. நம் ஊர் சார்பாக அது போனால் போதும்.

ஏரியூர் (திங்கள், இரவு 8.45)

கடல் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பென்னாகரத்திலிருந்து ஏரியூர், அங்கிருந்து நாகமரை. மேட்டூர் அணையின் தண்ணீர் அதுவரை ஏறி நிற்கும். நாம் நிற்பது கிழக்குக் கரை, எதிரே மேற்கில் பண்ணவாடி, அதற்குப் பின்னால் மலை வரிசை. சூரியன் அதற்குப் பின்னால்தான் இறங்கும். அணை நிறைந்திருக்கிற இந்த மாதங்களில் அக்கரை ஒரு பென்சில் கோடு மாதிரி இருக்கும். காற்று அடித்தால் அலை கரையில் மோதி சளக் சளக்கென்று சத்தம் வரும். நடக்கவே வேண்டாம், வண்டியை விட்டு இறங்கினால் தண்ணீர். முழங்கால்காரருக்கு இதைவிட வேறு இடம் இல்லை.

தண்ணீர் இறங்குகிற வருஷங்களில் அக்கரையில் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி முதலில் தலை காட்டும். பழைய மாதா கோயில் கோபுரமும் தெரியும். அணை கட்டியபோது முழுகின ஊர்கள். 120 அடி முழுக் கொள்ளளவில் இருக்கும்போது அங்கே அப்படி ஒன்று இருக்கிற சுவடே தெரியாது.

தகடூரான் (செவ்வாய், காலை 7.00)

முடிவு பண்ணியாச்சு. காலை கோட்டை, சாயங்காலம் நாகமரை. நடுவில் வீட்டுக்கு வந்து அம்மா கையால் களி. தீர்த்தமலையைக் கார்த்திகைக்கு வைத்துக்கொள்கிறேன், அரூர்க்காரி அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம். வத்தல்மலையும் யோசித்தேன். இப்போது மேலே வரை பஸ்ஸே போகிறது. ஆனால் வளைவுகளில் தங்கச்சிக்குக் குமட்டும்.

அரூர்க்காரி (செவ்வாய், காலை 7.30)

கார்த்திகையில் மலை பச்சையாக இருக்கும். அப்பாவுக்கு முழங்கால் உறை வாங்கிக் கொடுங்கள்.

தகடூரான் (திங்கள், இரவு 9.15)

போய் வந்தோம். கடமைக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஐந்து மணிக்கு தருமபுரியிலிருந்து கிளம்பி, விடியும்போது பழையபேட்டை. அப்பா டீக்கடையில் உட்கார மறுத்துவிட்டார். "முதல் மதில் வரை வரேன்" என்று வந்தவர் அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து துண்டை விரித்துக்கொண்டார். நாங்கள் மேலே போனோம். மகள் படியை எண்ணிக்கொண்டே ஏறினாள். நூற்றெழுபதில் படி தீர்ந்து பாறை வந்ததும் கணக்கு குழம்பிவிட்டது என்று திரும்ப இறங்கி எண்ணப் பார்த்தாள். மாப்பிள்ளை கடற்கரையில் நடப்பது சமதளம் என்பது பாதி வழியில் தெரிந்துவிட்டது. மூன்று இடத்தில் 'போட்டோ எடுக்க' நின்றார். மூன்று இடத்திலும் போன் பையில்தான் இருந்தது.

மேலே சுனையில் தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. ஓரத்தில் ஒரு தவளை. மகள் அதன் முன்னால் கால் மணி நேரம் குந்தியிருந்தாள். அணை, ரோடு, ஊர், மாந்தோப்பு எல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால். நான் எதிர்பார்க்காதது சத்தம். அவ்வளவு உயரத்துக்கும் நெடுஞ்சாலை லாரி ஹாரன் தெளிவாக வந்தது, அதோடு கீழே ஏதோ வீட்டில் மிக்சி ஓடும் சத்தமும். எட்டேமுக்காலுக்கு இறங்கிவிட்டோம். பழையபேட்டை அண்ணா சொன்ன தோசைக்கல் உண்மை. கடைசிப் பாறையில் கை வைத்தால் சுட ஆரம்பித்திருந்தது. அங்கங்கே சுவரில் பெயர் கிறுக்கி வைத்திருக்கிறார்கள், பிளாஸ்டிக் பாட்டில் கொட்டிக் கிடக்கிறது. எட்டு பாட்டில் பொறுக்கிக் கொண்டுவந்தோம். அதற்கு மேல் பை இல்லை.

வழியில் காவேரிப்பட்டணத்தில் நிப்பட்டு வாங்கினோம். வீட்டில் களி, கீரைக் கடைசல். மாப்பிள்ளை களியை மெல்லப் பார்த்தார். அப்பா விழுங்கிக் காட்டினார்.

மூன்றரைக்குக் கிளம்பி நாகமரை. ஏரியூரார் சொன்னது கொஞ்சமும் மிகையில்லை. இறங்கியதும் மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாக நடக்க ஆரம்பித்துவிட்டார், பழக்க தோஷம். ஒரு மோட்டார் படகு பைக், மூட்டை, பள்ளிக்கூடப் பையன் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பண்ணவாடிக்குப் போனது. அப்பா கரையில் நின்றபடி அக்கரைக்குக் கை நீட்டி, "எங்க ஆயா பொறந்த ஊரு உள்ள எங்கியோ கெடக்குது" என்றார். எனக்கு நாற்பது வயது ஆகிறது. இதை அவர் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை. 1934இல் அணை முடிவதற்கு முன்பே ஆயாவின் குடும்பம் மாட்டு வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு பென்னாகரம் பக்கம் வந்துவிட்டதாம். வரும்போது கதவு, நிலை எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு வந்தார்களாம். "நம்ம பழைய வீட்டு வாசக்கால் அதுதான்" என்றார். அந்த வாசக்காலில் என் மகளின் உயரத்தை வருஷா வருஷம் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.

சூரியன் போன பிறகும் அரை மணி நேரம் இருந்தோம். அப்புறம் கொசு.

உப்புக்காற்று (திங்கள், இரவு 9.40)

மாப்பிள்ளை கடைசியில் என்ன சொன்னார்?

தகடூரான் (திங்கள், இரவு 9.48)

"உப்பு இல்லை, மற்றபடி ஓகே."

ஏரியூர் (திங்கள், இரவு 10.05)

அந்த வாசக்கால் எந்த ஊரிலிருந்து வந்தது என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். எங்கள் பக்கத்திலும் இரண்டு வீடுகளில் அப்படி இருக்கிறது.

பரிசல்துறை (செவ்வாய், காலை 6.50)

பிலிகுண்டுலு இன்று காலை ஏழாயிரம். பரிசல் ஓடுகிறது. மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், மரத்தடியில் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள், நேராகத் துறைக்கு வந்து சீட்டு வாங்குங்கள்.